ஸ்க்ரோல்: உருள்வரியா, ஓடுவரியா?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கத்து வீடியோ ஸ்டூடியோக்களில் ‘ஸ்க்ரோல் போடு’ என்றால் இரண்டு வேலைகளில் ஒன்றாக இருக்கும். கல்யாண வீடியோவின் கடைசியில் கீழிருந்து மேலே ஏறும் பெயர்ப்பட்டியல் ஒன்று. உள்ளூர் கேபிள் சேனலில் திரையின் அடியில் வலமிருந்து இடமாகப் போகும் விளம்பர வரி இன்னொன்று. சினிமாக்காரர்கள் முதலாவதை ‘ரோலிங் டைட்டில்’ என்று பிரித்தே சொல்வார்கள். அந்தப் பிரிவினை நமக்கும் வேண்டும், ஏனென்றால் இரண்டும் கெட்டுப்போகும் விதம் வேறு.

பழைய பிரெஞ்சில் தோல்நறுக்கைக் குறித்த ‘எஸ்க்ரோ’ என்ற சொல் ‘ரோல்’ என்பதன் சாயல் ஏறி ஆங்கிலத்தில் ‘ஸ்க்ரோல்’ ஆனது. ரோலுக்கு வேர், சிறு சக்கரத்தைக் குறிக்கும் லத்தீன் ‘ரோட்டுலா’. தமிழில் ‘உருள்’ என்ற சொல்லுக்கும் சக்கரம் என்ற பொருள் உண்டு. குறள் 667இல் உருளும் என்ற பொருளில் ‘உருள்பெருந்தேர்’ வருகிறது. ஓலைச்சுருளை நினைத்துச் சிலர் ‘சுருள்’ என்கிறார்கள். சுருள் என்பது கிடக்கும் பொருள். திரையில் நடப்பதோ அசைவு. ஆகவே மேலே ஏறுவதற்கு ‘உருள்வரி’ பொருத்தம். பக்கவாட்டில் போவதற்கு ஆங்கிலத்தில் ‘க்ரால்’, அதாவது ஊர்தல். ஆனால் ‘ஓடும் எழுத்து’ என்பது ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கிறது. அதைச் சுருக்கி ‘ஓடுவரி’ என்றால் போதும்.

முதலில் உருள்வரி. 1080 ஐ (1080i, ஒரு படத்தை இரண்டு பாதியாகக் காட்டும் முறை) ஒளிபரப்பில் விநாடிக்கு 25 படங்கள், ஒவ்வொன்றும் இரண்டு ஃபீல்டுகளாகப் பிரிந்து, மொத்தம் 50. ஒரு ஃபீல்டில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைப்படைக் கோடுகள். எழுத்து ஒரு ஃபீல்டுக்குச் சரியாக 1 கோடு ஏறினால், திரை எந்தக் கோட்டுக்கு மாறுகிறதோ எழுத்தும் அதே அளவு நகர்ந்துவிடும். விளைவு, எழுத்தின் பாதிக் கோடுகள் கடைசிவரை திரைக்கு வரவே வராது. ‘திருவொற்றியூர்’ என்று போட்டிருக்கிறோம், எழுத்துரு மெல்லியது, புள்ளியின் உயரம் ஒரே கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு வராத பாதியில் விழுந்தால் ‘திருவொறறியூர’ என்றுதான் மேலே ஏறும். தமிழுக்கு இது பெரிய சேதம்; புள்ளி போனால் மெய்யெழுத்தே போய்விடுகிறது.

ஆகவே ஃபீல்டுக்கு 2 கோடு அல்லது 4 கோடு, அதாவது விநாடிக்கு 100 அல்லது 200 பிக்சல் (ஒரு கோடு ஒரு பிக்சல் உயரம்). அப்போது எல்லாக் கோடுகளும் மாறிமாறி வரும். ஆனாலும் ஒரு கோட்டுப் புள்ளி விநாடிக்கு 25 முறை சிமிட்டும். புள்ளியும், ‘ட’, ‘ப’ போன்றவற்றின் அடிக்கோடும் குறைந்தது 3 கோடு கனமாக இருக்கட்டும். மேல்கீழாக மட்டும் ஒரு பிக்சல் மங்கல் கொடுங்கள். முழு வெள்ளைக்குப் பதில் கொஞ்சம் தணிந்த வெள்ளை நல்லது.

நேரத்தை முதலில் முடிவு செய்வதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. 60 வரி, வரிக்கு 80 பிக்சல் என்றால் பட்டியல் 4,800 பிக்சல். திரையின் உயரம் 1,080ஐயும் சேர்த்தால் கடக்க வேண்டிய தூரம் 5,880. விநாடிக்கு 100 என்றால் 58.8 விநாடி, அதாவது 1,470 படங்கள். ‘ஒரு நிமிஷமா இருக்கட்டும்’ என்று 60 விநாடிக்கு இழுத்தால் வேகம் ஃபீல்டுக்கு 1.96 கோடாகிவிடும். ஒவ்வொரு 25 ஃபீல்டுக்கும், அதாவது அரை விநாடிக்கு ஒருமுறை, எழுத்து ஒரு கோடு தவறி உதறும். அல்லது மங்கித் தெளிந்து மூச்சு விடுவதுபோல் தெரியும். நேரம் நிரம்ப வேண்டுமானால் கடைசி வரியை நிறுத்திவையுங்கள், வேகத்தைத் தொடாதீர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தை மெல்லக் கூட்டிக் குறைக்கும் ‘ஈஸ்’ வசதியையும் அணைத்துவிடுங்கள்.

எழுத்து முன்னும் பின்னுமாக நடுங்கினால் ஃபீல்டு வரிசை தலைகீழாக இருக்கிறது. எச்.டி.யில் மேல் ஃபீல்டு முதலில். பழைய PAL முறை டிஜிட்டல் வீடியோ (DV) டேப்பில் கீழ் ஃபீல்டு முதலில்.

ஓடுவரியில் கோடு தொலையும் சிக்கல் கிடையாது. ஃபீல்டுக்கு முழு எண்ணிக்கையில் பிக்சல் நகர்ந்தால் போதும். 4 பிக்சல் என்றால் 1,920 அகலத்தை 9.6 விநாடியில் கடக்கும். 6 பிக்சலில் 6.4 விநாடிதான், தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு அது அவசரம். இங்கே கெடுப்பது வேறொன்று: 25 பி (25p, விநாடிக்கு 25 முழுப் படங்கள்) டைம்லைனில் செய்துவிட்டு 50 ஐ (50i, விநாடிக்கு 50 ஃபீல்டு) என்று வெளியே எடுப்பது. இரண்டு ஃபீல்டிலும் ஒரே நிலை பதிவாகி, எழுத்தின் ஓரம் இரட்டையாகத் தெரியும்.

பென் டிரைவில் கொடுப்பதானால் 1080, 50 பி போதும். ஃபீல்டு கவலை இல்லை. படத்துக்கு 1, 2, 3 என முழு பிக்சல் நகர்த்தினால் சரி. லேப்டாப் திரை பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும். அதில் 50 பி ஓடும்போது ஐந்தில் ஒரு படம் இருமுறை நிற்கும், நல்ல ஸ்க்ரோலும் இடறும். அதைப் பார்த்து வேகத்தை மாற்றாமல், 50 ஹெர்ட்ஸில் ஓடும் டி.வி.யில் போட்டு, ஆறடி தள்ளி நின்று புள்ளிகளை மட்டும் பாருங்கள்.