வைட்டமின் டி வாங்க வரும்போது வீட்டிலுள்ள மற்ற டப்பாக்களையும் கொண்டு வாருங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் சின்னதாக ஒரு ஃபார்மசி நடத்துகிறேன். சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றுக்கும் அடுத்து இப்போது கவுண்டரில் அதிகம் அடிபடும் பேச்சு வைட்டமின் டி. "அண்ணே, ரத்தம் எடுத்தேன், டி கம்மியாம், ஆயிரம் எடுக்கவா பத்தாயிரம் எடுக்கவா?" என்று போனில் ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள். மாத்திரையை எடுத்துக் கொடுப்பது ஒரு நிமிஷ வேலை. அதற்கு முன்னால் நான் கேட்பதுதான் பலருக்கு எரிச்சல்: வீட்டில் வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள், அந்த டப்பாக்களை ஒரு பையில் போட்டுக் கொண்டு வர முடியுமா?

ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் சுற்றி வந்துதான் சொல்ல வேண்டும்.

"இவ்வளவு வெயில் கொளுத்தும் ஊரில் எப்படிக் குறையும்?" என்று கேட்காதவர் இல்லை. வெயில் ஊரில் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டி காலத்திலேயே விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், மர நிழலிலேயே நிரையை (தமக்கு ஒதுக்கிய மர வரிசையை) முடித்துவிட்டு, முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாகத் திரும்பியவர்கள்தான் நம் ஆட்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த பிறகும் அதே நிழல், அதே முழுக்கை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ இன்றைக்குக் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கிறார்கள். இருட்டில் கம்பெனி பஸ் ஏறி, நாள் முழுக்க ஏர்கான் கூடத்துக்குள் தலைமுதல் கால்வரை மூடி நின்று, நைட் ஷிப்ட் என்றால் பகல் முழுக்கத் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குகிறார்கள். பஸ் ஜன்னல் வழியாக முகத்தில் வெயில் அடிக்கிறதே என்றால் அது கணக்கில் வராது, வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திடலில் நடப்பது சர்க்கரைக்கும் மனசுக்கும் நல்லது, வைட்டமின் டிக்குப் பெரிதாக உதவாது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் இந்த வேலையைச் செய்யும். நம் கருத்த தோலுக்கு அதுவும் கூடுதல் நேரம் தேவை, தோலுக்குக் கருமை தரும் மெலனின் அந்தக் கதிரை வழியிலேயே வாங்கிக்கொள்கிறது.

சாப்பாட்டில் கிடைப்பது கொஞ்சம்தான். மத்தி மீன், கெம்போங் மீன், டின் சார்டின், முட்டையின் மஞ்சள் கரு, வைட்டமின் சேர்த்த பால் மாவு, அவ்வளவே. சைவக்காரர்களுக்கு இன்னும் குறைவு.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். முதலில் எண்ணை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். சில லேப் லிட்டருக்கு நானோமோல் என்று தருகிறது, சில லேப் மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று தருகிறது, இரண்டுக்கும் நடுவே இரண்டரை மடங்கு வித்தியாசம். அக்காவுக்கு 45, தங்கச்சிக்கு 22, அக்கா நிம்மதியாகப் போகிறார், தங்கச்சி அழாத குறையாக என்னிடம் வந்து பத்தாயிரம் கேட்கிறார். அக்காவின் 45 நானோமோல். தங்கச்சியின் 22 நானோகிராம், அதை நானோமோலுக்கு மாற்றினால் 55. கவலைப்பட வேண்டும் என்றால் அக்காதான் பட வேண்டும், அவருக்கும் அது சின்னக் குறைவுதான்.

பெரும்பாலானவர்களுக்கு 50 நானோமோல், அதாவது 20 நானோகிராம் இருந்தால் எலும்புக்குப் போதும். 30 நானோமோலுக்குக் கீழே போனால் அது நிஜமான குறைபாடு, அலட்சியம் கூடாது. ஆனால் நிறைய ரிப்போர்ட்டுகளில் 75 நானோமோலுக்குக் கீழே இருந்தாலே சிவப்பில் வரும். அந்த 75 என்பது அமெரிக்காவிலுள்ள எண்டோகிரைன் சொசைட்டி என்ற ஹார்மோன் மருத்துவர்கள் சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருந்த இலக்கு. 2024-இல் அவர்களே புது வழிகாட்டியில் அந்த இலக்கைக் கைவிட்டார்கள், ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். பழைய எல்லையோ இன்னும் பல ரிப்போர்ட் தாள்களில் அப்படியே இருக்கிறது. 60 வாங்கிய மனிதர் தன்னை நோயாளி என்று நினைத்துக்கொண்டு கடைக்கு வருகிறார்.

பிறகு யார்தான் பார்க்க வேண்டும்? தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாதவர், படி ஏறத் தொடை ஒத்துழைக்காதவர், எலும்பிலேயே வலி என்பவர், லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், வலிப்புக்கு ஃபினைட்டாயின், கார்பமாசெபின் போன்ற மருந்தை வருஷக்கணக்காக எடுப்பவர், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நீண்ட நாள் சாப்பிடுபவர். இவர்களெல்லாம் என்னிடம் வருமுன் டாக்டரிடம் போக வேண்டும்.

அளவைப் பற்றிச் சொன்னால், சின்னக் குறைவுக்குத் தினம் 1000 முதல் 2000 ஐயு (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) வரை டி3, அதாவது மாத்திரையில் வழக்கமாக வரும் வைட்டமின் டி வகை, போதும், சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், கொஞ்சம் எண்ணெயோ கொழுப்போ உள்ள சாப்பாடாக இருந்தால் உடம்பில் நன்றாகச் சேரும். காலையில் வெறும் வயிற்றில் கோப்பி ஓ எனும் பால் இல்லாத காப்பியோடு விழுங்குவது பாதி வீண். உடல் பருமன் உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று மடங்குகூடத் தேவைப்படலாம், அதை டாக்டர் முடிவு செய்யட்டும். கடுமையான குறைவுக்குச் சில டாக்டர்கள் 50,000 ஐயு கேப்சூலை வாரம் ஒன்றாக, சுமார் 8 வாரத்துக்கு எழுதுவார்கள். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எடுப்பவர் உண்டு, 8 வாரம் முடிந்த பிறகும் "உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று தொடர்பவரும் உண்டு. நான் சொல்லும் வழி, வாரத்தில் ஒரு நாளைக் கட்டிப் போடுவது. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை எப்படியும் மறக்காது, சைவச் சாப்பாடுதான் என்றாலும் சாம்பார் சாதத்தில் ஒரு கரண்டி நெய் விட்டுக்கொண்டால் மாத்திரைக்குத் தேவையான கொழுப்பு வந்துவிடும்.

இப்போது டப்பாக்கள்.

ஒரு அம்மா பையைக் கவுண்டரில் கொட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மல்டிவைட்டமினில் 400 ஐயு. கால்சியம் மாத்திரை ஒன்றில் 400, அவர் எடுப்பது இரண்டு, ஆக 800. மகள் வாங்கிக் கொடுத்த டி3 தனியாக 1000. டைரக்ட் செல்லிங்கில் சொந்தக்காரர் தலையில் கட்டிய மூட்டுவலி டப்பாவில் 50 மைக்ரோகிராம். ஐம்பதுதானே என்று நினைத்தால் தப்பு, ஒரு மைக்ரோகிராம் என்பது 40 ஐயு, அப்படியானால் அது 2000. மொத்தம் 4200. பெரியவர்களுக்கு டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தாண்டக்கூடாத எல்லையே தினம் 4000 தான். எலும்புக்கு என்று விற்கும் பால் மாவை நான் இன்னும் சேர்க்கவில்லை. டப்பா ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சாதுதான். கூட்டிப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை.

கூடினால் என்ன ஆகும்? இது தண்ணீரில் கரைந்து வெளியேறும் வைட்டமின் இல்லை, கொழுப்பில் தங்கும், மாதக்கணக்கில் தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், அசதி, குழப்பம், பிறகு சிறுநீரகத்தில் கல், சிறுநீரகப் பாதிப்பு. இந்தத் தாகத்தையும் அடிக்கடி சிறுநீர் போவதையும் பார்த்தால் நம் வீட்டில் உடனே என்ன சொல்வோம்? "இனிப்பு நீர் கூடிப்போச்சு." இந்த நாட்டில் நம்மவர்களுக்குத்தான் சர்க்கரை நோய் அதிகம் என்பதால் அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. ஆனால் மீட்டரில் சர்க்கரை சரியாக இருந்தும் தாகம் நிற்கவில்லை, கூடவே டி மாத்திரையும் ஓடுகிறது என்றால் கால்சியம் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அந்த மாத்திரை கால்சியத்தைச் சிறுநீரில் வெளியேற விடாமல் பிடித்து வைக்கும். கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசு சுகாதாரக் கிளினிக்கில் தரும் மருந்துப் பையைப் பாருங்கள், அந்தப் பெயர் இருக்கலாம். இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவருக்குக் கால்சியம் ஏறினால் துடிப்பே தாறுமாறாகலாம்.

இன்னொரு ஆபத்து, வீட்டுக்குள்ளேயே மாத்திரை கைமாறுவது. டயாலிசிஸ் போகும் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் அல்ஃபாகால்சிடால் அல்லது கால்சிட்ரியால் கொடுப்பார்கள். இதுவும் வைட்டமின் டிதான், ஆனால் சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை ஏற்கெனவே செய்து முடித்த வகை, கால்சியத்தை வேகமாக ஏற்றும். "அப்பாவோடது மிச்சம் இருக்கு, எனக்கும் டி கம்மிதானே" என்று அதை எடுத்து விழுங்கினால், வழக்கமான ரத்தப் பரிசோதனையில் டி எண் ஏறாது, ஏறவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சாப்பிடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம்.

மூட்டுவலி டப்பா என்றேனே, அதைப் பற்றி இன்னொன்று. இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது என்று பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் ஆன்லைனிலும் விற்கும் சில பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும். ஒரு பக்கம் எலும்புக்கு டி, மறுபக்கம் எலும்பைக் கரைப்பது, இரண்டும் ஒரே ஆளின் வயிற்றில். வாங்குமுன் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா பாருங்கள், அந்த எண்ணை என்பிஆர்ஏ இணையப் பக்கத்தில் தட்டினால் அதே பொருள்தானா என்றும் தெரிந்துவிடும்.

சாமி கும்பிடுபவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பது: "இதுல மாடு இருக்கா தம்பி?" கேட்க வெட்கப்பட வேண்டியதே இல்லை. மெத்தென்ற ஜெலட்டின் கேப்சூல் பலவற்றில் மாட்டு ஜெலட்டின்தான், ஹலால் முத்திரை இருப்பதால் மாடு இல்லை என்று ஆகிவிடாது. ஜெலட்டின் இல்லாத மாத்திரை, சொட்டு மருந்து, தாவர உறைக் கேப்சூல் எல்லாம் உண்டு. வழக்கமான டி3 ஆட்டு ரோமத்துக் கொழுப்பிலிருந்து எடுப்பது, ஆட்டைக் கொல்வதில்லை; அதுவும் வேண்டாம் என்பவருக்கு பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வளரும் லைக்கனிலிருந்து எடுத்த டி3 இருக்கிறது, டி2 என்ற இன்னொரு வகையும் இருக்கிறது. டி2 ரத்த அளவைச் சற்றுக் குறைவாகவே ஏற்றும், ஆனாலும் பிடிக்காமல் டப்பாவை மூடி வைப்பதைவிட அது மேல்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். முடி கொட்டுவது, அசதி, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் டிதான் காரணம் என்று வீடியோவில் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் ஆய்வில் தினம் 2000 ஐயு கொடுத்துப் பார்த்தார்கள். குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல, பொதுவான பெரியவர்கள். புற்றுநோய் வருவதோ மாரடைப்போ குறையவில்லை என்று 2018-இலும், எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-இலும் முடிவு வந்தது. குறைவு இருப்பவருக்கு நிரப்பினால் பலன் உண்டு, நிரம்பியவருக்கு மேலும் ஊற்றிப் பயனில்லை. அசதி என்றால் ரத்தச்சோகை, தைராய்டு, சர்க்கரை, அப்புறம் அந்த நைட் ஷிப்ட் தூக்கம், இவற்றை முதலில் பார்க்கலாம். வருஷத்துக்கு ஒரே தடவை பெரிய டோஸ் போட்டு முடித்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு வருஷம் ஒருமுறை 500,000 ஐயு கொடுத்துப் பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள், அவர்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடியது.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் கால்சியம் கலந்த டி மாத்திரையை நாலு மணி நேரம் தள்ளி எடுங்கள், இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ஆரம்பித்து மூன்று மாதம் ஆன பிறகு மறு பரிசோதனை செய்தால் போதும். மாதா மாதம் ரத்தம் எடுப்பது லேப்புக்குத்தான் லாபம்.

கைக்குழந்தைக்கு வாங்குபவர்கள் மட்டும் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குப் பல நாடுகளில் மருத்துவர்கள் சொல்லும் அளவு தினம் 400 ஐயு. ஒரு பிராண்டில் அந்த 400 ஒரே ஒரு சொட்டில் இருக்கும், இன்னொன்றில் ஒரு மில்லிலிட்டர் முழுக்க வேண்டும். பழைய பாட்டில் தீர்ந்து வேறு பிராண்ட் வாங்கினால் பழைய டிராப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுப் பாட்டிலோடு வந்ததையே பயன்படுத்துங்கள், எத்தனை சொட்டு என்பதைக் கடையிலேயே அட்டை மேல் எழுதித் தரச் சொல்லுங்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் அதைப் படித்துக் காட்டிவிடுங்கள்.