பயோசிந்தெசிஸ்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்றது?

ஆன்டிபயாட்டிக் பத்தி கொஞ்சம் ஆழமா படிக்கப் போனா பயோசிந்தெசிஸ்ங்கிற வார்த்தை வந்துடும், நிறைய பேர் இதை 'உற்பத்தி'ன்னு எழுதிட்டுப் போயிடறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கிரேக்கத்துல பயோஸ்னா உயிர், சின் அப்படின்னா கூட, தீசிஸ்னா வைக்கிறது. அதாவது ஒரு உயிர் தன் செல்லுக்குள்ள சின்னச் சின்ன மூலக்கூறுங்கள சேர்த்து வச்சு பெருசா ஒண்ணைக் கட்டுறது. 'உற்பத்தி'ல இந்த சேர்க்கிற வேலையே தெரியாது. போட்டோசிந்தெசிஸை நாம ஒளிச்சேர்க்கைன்னு படிச்சோம், இலங்கைல ஒளித்தொகுப்புன்னு படிக்கிறாங்க, ரெண்டுலயும் அந்த அர்த்தம் இருக்கு பாருங்க. அதனால பயோசிந்தெசிஸுக்கு உயிர்த்தொகுப்பு சரியா வரும்.

சேர்க்கிறதுன்னா நிஜமாவே சேர்க்கிறதுதான். எரித்ரோமைசின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக்குவோம். பிலிப்பைன்ஸ்ல இலோயிலோ பக்கம் எடுத்த மண்ணுல கிடைச்ச பாக்டீரியா தர்ற மருந்து, 1952ல எலி லில்லி கம்பெனி ஐலோடைசின்னு அந்த ஊர் பேரை வச்சே வித்தாங்க. பாக்டீரியாவோட இப்போதைய பேரு சாக்கரோபாலிஸ்போரா எரித்ரேயா. அதுக்குள்ள மூணு பெரிய ஜீன் மூணு ராட்சச புரதத்தைத் தருது, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மாட்யூல், அதாவது ஒரு துண்டை மாட்டுற வேலையைச் செய்ற பகுதி, ஆக மொத்தம் ஆறு. முதல்ல ஒரு மூணு கார்பன் துண்டு ஏறும், அப்புறம் ஒவ்வொரு மாட்யூலும் ஆளுக்கு ஒரு துண்டை மாட்டி அடுத்த மாட்யூல் கிட்ட தள்ளிவிடும், ரயிலுக்குப் பெட்டி கோக்கிற மாதிரி. ஏழு துண்டு சேர்ந்ததும் கடைசில இருக்கிற நொதி (என்சைம்) சங்கிலியை அறுத்து 14 அணு வளையமா மூடிடும். அதுக்கப்புறம் வேற நொதிங்க வந்து ஆக்சிஜன் ஏத்தி, ரெண்டு சர்க்கரை ஒட்டினாதான் அது மருந்து, வெறும் வளையம் கிருமியை ஒண்ணும் பண்ணாது.

எல்லா மாட்யூலும் ஒரே மாதிரி வேலை செய்றதில்ல. நாலாவது மாட்யூல் துண்டுல இருக்கிற ஆக்சிஜனை முழுசா எடுத்துடும், மூணாவது தொடாம அப்படியே விட்டுடும். ஜீன்ல எந்த வரிசைல இருக்கோ அதே வரிசைலதான் மூலக்கூறும் வளருது. 1991ல அஞ்சாவது மாட்யூலோட ஜீன்ல ஒரு பகுதியை நீக்கிப் பார்த்தாங்க, வந்த பொருள்ல சரியா அந்த இடம் மட்டும் மாறியிருந்துச்சு! இதைப் படிச்சப்ப எனக்கு நம்பவே முடியல.

என்சைமுக்கு நொதிங்கிறது அருமையான சொல், ஏன்னா கிரேக்கத்துல என்சைம்னாலே புளிப்பு மாவுல இருக்கிறதுன்னுதான் அர்த்தம், நம்மாளுங்களும் நொதிக்கிறதுல இருந்தே எடுத்திருக்காங்க.

சிக்கல் ஜீன் கிளஸ்டர்லதான். இந்த மருந்துக்கு வேண்டிய ஜீனெல்லாம் குரோமோசோம்ல பக்கத்து பக்கத்துலயே இருக்கு, அதை சிலர் 'மரபணுத் தொகுப்பு'ங்கிறாங்க, அப்ப பயோசிந்தெடிக் ஜீன் கிளஸ்டர் 'உயிர்த்தொகுப்பு மரபணுத் தொகுப்பு'ன்னு ஆயிடுது, எந்தத் தொகுப்பு எதுன்னே புரியாது. கிளஸ்டருக்கு கொத்துன்னு வச்சா தீர்ந்துச்சு, உயிர்த்தொகுப்பு மரபணுக் கொத்து. அந்தக் கொத்துக்குள்ளயே தற்காப்பு ஜீன் ஒண்ணும் உண்டு, அது பாக்டீரியாவோட சொந்த ரைபோசோம்ல, அதாவது இந்த மருந்து போய் ஒட்டுற புரதத் தொழிற்சாலைல, மெத்தில்ங்கிற ஒரு சின்ன வேதிக் குறி வச்சிடும், அதனால தான் செஞ்ச மருந்தே தன்னைக் கொல்லாம அது தப்பிச்சுக்குது.