மூன்றாம் ரிச்சர்டின் முதுகு: மேடை சொன்னதும் எலும்பு சொன்னதும்

ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் முதலில் மேடைக்கு வருபவன் ரிச்சர்ட்தான். வந்ததும் தன் உடம்பைத் தானே பழிக்கிறான். அரைகுறையாகப் பிறந்தவன் நான், நான் நொண்டிக்கொண்டு போனால் தெருநாய்கூடக் குரைக்கிறது, காதலனாக இருக்க லாயக்கில்லை, அதனால் வில்லனாக இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறான். பின்னால் வரும் காட்சிகளில் அவனைச் சிலந்தி என்றும் கூன்விழுந்த தேரை என்றும் வைகிறார்கள். நானூறு வருஷத்துக்கும் மேலாக நடிகர்கள் முதுகில் பொதியைக் கட்டி, ஒரு கையை முடக்கி, காலை இழுத்து இந்த வேஷத்தைப் போட்டு வருகிறார்கள்.

நான் முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர். ரிச்சர்ட் நிஜமாகவே இங்கிலாந்தை ஆண்ட ராஜா. அவருக்கு உண்மையில் இருந்தது ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது. என் ஓ.பி.யில் வளரிளம் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்ப்பதும் அதைத்தான். அதனால் இந்த நாடகத்தை வெறும் இலக்கியமாக என்னால் படிக்க முடிவதில்லை.

1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த் போரில் ரிச்சர்ட் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 32. லெஸ்டர் நகரத்துத் துறவிகள் மடத்தில் அவசர அவசரமாகப் புதைத்தார்கள். மடம் பிற்பாடு இடிக்கப்பட்டு, அந்த இடம் கடைசியில் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. 2012இல் லெஸ்டர் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் அங்கே தோண்டியபோது ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. குழி நீளம் போதாமல் தலை ஒருபக்கம் தூக்கி நின்றது. மண்ணைத் தட்டியதும் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து கிடப்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ரிச்சர்டின் அக்கா வழி வந்தவர்களின் மரபணு இந்த எலும்போடு பொருந்தியது. 2013 பிப்ரவரியில் இது அவர்தான் என்று அறிவித்தார்கள். 2015 மார்ச்சில் லெஸ்டர் பேராலயத்தில் மறு அடக்கமும் நடந்தது.

ஒவ்வொரு முள்ளெலும்பையும் ஸ்கேன் செய்து, முப்பரிமாண அச்சில் வார்த்துக் கோத்துப் பார்த்தார்கள். 2014இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. வளைவு வலப்பக்கம், 65 முதல் 85 டிகிரி வரை. பிறவிக்கோளாறு இல்லை, 10 வயதுக்கு மேல் வளர்ச்சிக் காலத்தில் வந்தது. என்னிடம் இவ்வளவு வளைவோடு ஒரு பையன் வந்தால் அறுவைச் சிகிச்சை பற்றித்தான் பேசுவேன். வளைவு சின்னதில்லை. ஆனால் நன்றாகச் சமன்பட்ட வளைவு அது. கழுத்தும் தலையும் நேராக இருந்திருக்கும். வலத் தோள் கொஞ்சம் உயர்ந்து, உடல் கால்களோடு ஒப்பிட்டால் குட்டையாகத் தெரிந்திருக்கும். வளைவு இல்லாவிட்டால் சுமார் 173 செ.மீ. உயரம் இருந்திருப்பார். நல்ல தையற்காரரும் கவசம் செய்பவரும் இருந்தால் வெளியே அதிகம் தெரியாது. சூம்பிய கை இல்லை. நொண்டுவதற்கான தடயம் கால் எலும்பில் இல்லை.

கூன் என்றால் முதுகு முன்பக்கமாக வளைந்து பின்னால் திமில்போலத் தள்ளுவது. ஸ்கோலியோசிஸ் பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கிக்கொள்வது. மேடை முதலாவதைக் காட்டியது, எலும்பில் இருப்பது இரண்டாவது.

அப்படியானால் அந்தக் கூன் எங்கிருந்து வந்தது? 1484இல் ரிச்சர்டை நேரில் சந்தித்த நிக்கோலஸ் பொப்பெலாவ் என்ற பயணி, அவர் தன்னைவிட மூன்று விரல் உயரம், ஒல்லி, கைகால்கள் மெல்லியவை என்று எழுதினார். ஊனம் எதையும் குறிப்பிடவில்லை. ரிச்சர்ட் உயிரோடு இருந்தபோது அவரைப் புகழ்ந்த ஜான் ரௌஸ் என்ற வரலாற்று எழுத்தாளர், ரிச்சர்டை வீழ்த்திய டியூடர் வம்சத்தார் ஆட்சிக்கு வந்ததும் பேச்சை மாற்றினார். தாய் வயிற்றில் இரண்டு வருஷம் இருந்து, பல்லோடும் தோள்வரை முடியோடும் பிறந்தான் என்று எழுதினார். அதே ரௌஸ் வலத் தோள் உயரம் என்றும் எழுதியிருக்கிறார். அது எலும்போடு அப்படியே ஒத்துப்போகிறது! பாஸ்வொர்த் போர் நடந்தபோது ஏழு வயதுச் சிறுவனாக இருந்த தாமஸ் மோர், பிற்பாடு எழுதும்போது தோளை இடப்பக்கத்துக்கு மாற்றி, சூம்பிய கையையும் சேர்த்தார். அங்கிருந்து எட்வர்ட் ஹால், ஹோலின்ஷெட் ஆகியோரின் வரலாற்று நூல்களுக்குப் போய், ஷேக்ஸ்பியரின் கைக்கு வந்து சேர்ந்தது. விண்ட்ஸரில் உள்ள ரிச்சர்டின் ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்தபோது, தோளைப் பிற்பாடு உயர்த்தி வரைந்தது தெரிந்தது. ஒரு உண்மை கைமாறக் கைமாற எப்படி வீங்குகிறது என்று இவ்வளவு துல்லியமாகப் பார்க்க வேறு எந்த ராஜா விஷயத்திலும் வாய்ப்புக் கிடைத்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அரசியல் காரணம் வெளிப்படை. நாடகம் எழுதப்பட்டபோது ஆண்டுகொண்டிருந்த முதலாம் எலிசபெத், ரிச்சர்டை வென்ற ஏழாம் ஹென்றியின் பேத்தி. தாத்தா கொன்றது ஒரு அரக்கனை என்றால் எல்லோருக்கும் வசதி. ஆறாம் ஹென்றி பற்றிய நாடகத்தில் 1455ஆம் வருஷத்துச் செயின்ட் ஆல்பன்ஸ் போரில் ரிச்சர்ட் ஒரு பிரபுவைக் கொல்கிறான். அந்த வருஷம் ரிச்சர்டுக்கு வயது இரண்டு!

ரிச்சர்ட் அப்பாவி என்று நான் சொல்லவரவில்லை. 1483இல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவை விசாரணையின்றித் தலைவெட்டச் செய்தவர் அவர். அவர் பொறுப்பில் லண்டன் கோட்டையில் இருந்த அண்ணன் மகன்கள் இருவரும் அதே வருஷம் காணாமல் போனார்கள். இதற்கெல்லாம் அவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தப் பதிலை அவருடைய முதுகில் தேட முடியாது.

வில்லனின் உடம்பை ஊதிப் பெரிதாக்கிய அதே பேனா, நாயகனின் காயத்தைச் சுருக்கிவிட்டது. 1403 ஷ்ரூஸ்பரி போரில் 16 வயது இளவரசர் ஹால், பிற்காலத்து ஐந்தாம் ஹென்றி, முகத்தில் அம்பு வாங்கினார். ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தில், ரத்தம் அதிகம் போகிறது, ஓய்வெடு என்று அப்பா சொல்ல, இவன் கீறல்தான் என்று மறுத்துச் சண்டைக்குப் போய், சம வயது எதிரி ஹாட்ஸ்பரைக் கொல்கிறான். நிஜத்தில் ஹாட்ஸ்பருக்கு அப்போது 39 வயது. இளவரசர் கையால் செத்தார் என்பதற்கு ஆதாரமும் இல்லை. அம்பு ஆறு அங்குலம் ஆழத்தில், மண்டையோட்டின் பின்பக்க எலும்பில் மாட்டிக்கொண்டது. கம்பு மட்டும் வந்துவிட்டது, முனை உள்ளே.

அதை எடுத்த ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர் தன் கைப்படக் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்த்தது. காய்ந்த மரத்தக்கையைச் சுத்தமான துணியில் சுற்றி, ரோஜாத் தேனில் தோய்த்து, சின்னதிலிருந்து பெரிதாக ஒவ்வொன்றாக நுழைத்துக் காயத்தின் வழியை அகலப்படுத்தினார். பிறகு நடுவில் திருகாணி வைத்த ஒரு குறடை இதற்கென்றே செய்து, அம்புமுனையின் உட்குழிவில் செலுத்தி, இப்படியும் அப்படியும் அசைத்து மெல்ல வெளியே இழுத்தார். வெள்ளை ஒயினால் கழுவினார். மாவும் தேனும் டர்ப்பன்டைனும் கலந்த மருந்துத் திரியை வைத்து, நாளுக்கு நாள் அதன் நீளத்தைக் குறைத்து, காயம் உள்ளிருந்து மூடும்படி பார்த்துக்கொண்டார். 20 நாளில் காயம் சுத்தமானது. ஆழமான காயத்துக்கு இன்றும் நாங்கள் கடைப்பிடிக்கும் தத்துவம் இதுதான். மேடையில் இதற்கு இடமில்லை. ஆறாம் ஹென்றி 1453 ஆகஸ்டிலிருந்து 1454 கிறிஸ்துமஸ் வரை யாரையும் அடையாளம் தெரியாமல் உறைந்து கிடந்ததற்கும் அவர் பெயரிலுள்ள மூன்று நாடகங்களில் இடமில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிடலாம்தான். ஆங்கில இலக்கியம் படிக்கும் ஒரு மாணவி 40 டிகிரி வளைவோடு வந்தாள். எக்ஸ்ரேயைப் பார்த்ததும், "டாக்டர், நானும் ரிச்சர்ட் மாதிரிதானா?" என்று கேட்டாள். வகுப்பில் யாரோ கிண்டல் செய்திருக்கிறார்கள். லெஸ்டர் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கும் முப்பரிமாண மாதிரியைச் சுழற்றிக் காட்டினேன். உன்னைவிடப் பெரிய வளைவோடு கவசம் போட்டுக் குதிரையேறி எதிரிப்படைக்குள் பாய்ந்தவர், அவருடைய எதிரிகளே அந்தத் தைரியத்தை எழுதிவைத்திருக்கிறார்கள் என்றேன். அவள் அம்மாவின் கவலை வேறு: இவளுக்குக் கல்யாணம் எப்படி ஆகும்? கூனி என்ற ஒற்றைச் சொல்லில் மந்தரையின் குணத்தையும் சேர்த்து முடித்துவிடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தின் சுமை பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது. பல பெற்றோர் அக்கம்பக்கத்தில் தெரியக்கூடாது என்று மறைத்து, பிரேஸ் (வளைவு கூடாமல் தடுக்க உடம்பில் அணியும் உறை) போடவேண்டிய வயதைத் தாண்டிய பிறகு கூட்டி வருகிறார்கள்.

இந்த நாடகத்தைப் போடும் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தலையணையைக் கட்டாமலேயே ரிச்சர்டை நடிக்க முடியும், பல நடிகர்கள் செய்திருக்கிறார்கள். பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அந்த எலும்புக்கூட்டுப் படத்தை ஐந்து நிமிடம் திரையில் காட்டினால் பெரிய உதவி.

சரி, வீட்டில் எப்படிப் பார்ப்பது? 10 வயதிலிருந்து 15 வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளை கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளைக் கூப்பியபடி முன்னால் குனிய வேண்டும். பின்னால் நின்று பாருங்கள். விலாப்பக்கம் ஒன்று மேடாக எழும்பினால் கவனிக்க வேண்டும். நிற்கும்போது ஒரு தோள் உயர்ந்திருப்பது, இடுப்புக்கும் கைக்கும் நடுவில் இடைவெளி இரண்டு பக்கமும் வேறுபடுவது, பாவாடையின் விளிம்பு ஒருபக்கம் தூக்கி நிற்பது ஆகியவையும் அடையாளம். பெரும்பாலும் வலி இருக்காது, அதனால்தான் தவறிப்போகிறது. புத்தகப்பையோ, உட்காரும் விதமோ இதற்குக் காரணமில்லை. பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

சந்தேகம் வந்தால் நின்றபடி முழு முதுகுக்கும் ஒரு எக்ஸ்ரே. 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்போம். 25 வரை பெரும்பாலும் சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். 25 முதல் 40 வரை, வளர்ச்சி மிச்சமிருந்தால், பிரேஸ். நாளின் பெரும்பகுதி போட்டிருந்தால்தான் பலன். 45, 50ஐத் தாண்டினால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவோம். பெண் பிள்ளைகளுக்கு வளைவு கூடும் வாய்ப்பு அதிகம், அதுவும் வயதுக்கு வருவதற்குச் சற்று முன்னால் வேகமாக உயரும் மாதங்களில். அந்தச் சமயத்தில் மட்டும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.