சைலன்சருக்குள் போகும் கம்பி என்ன பார்க்கிறது?

பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிற்கும் வேனிலிருந்து ஒரு ரப்பர் குழாய் நீள்கிறது. அதன் நுனியிலுள்ள உலோகக் கம்பியைக் காரின் சைலன்சருக்குள் செருகுகிறார் பரிசோதகர். நம்பர் பிளேட் தெரியும்படி ஒரு படம். சில நிமிடங்களில் புகைச் சான்றிதழ் கைக்கு வந்துவிடும்.

இந்தியாவில் சொந்தமாகப் பெட்ரோல் அல்லது டீசல் கார் வைத்திருப்பவரிடம் முதல் 15 ஆண்டுகள் சட்டம் கேட்கும் காலமுறைச் சோதனை இது ஒன்றுதான். பிரேக்கையும் விளக்குகளையும் அரசு ஆய்வாளர் பார்ப்பது, 15 ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை. அதனால்தான் இந்தத் துண்டுச்சீட்டை அலட்சியப்படுத்த எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று போதாவிட்டால் கார்பன் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது. ஸ்பார்க் பிளக் பொறி தவறினாலோ, பெட்ரோல் எரியாமலே ஹைட்ரோகார்பனாக வெளியேறுகிறது. இரண்டையும் கருவி கண்டுபிடிப்பது ஒளியைக் கொண்டு. கார்பன் மோனாக்சைடு, 4.7 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரை விழுங்கும் இயல்புடையது. ஹைட்ரோகார்பன் விழுங்கும் அலைநீளம் வேறு. புகை நிரம்பிய சிறு குழலின் ஒரு முனையில் கதிர் புறப்படுகிறது, மறுமுனையில் உணரி காத்திருக்கிறது. வழியில் எவ்வளவு கதிர் காணாமல் போனதோ, அதுவே வாயுவின் அளவு. பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைத் தர விதி) பெட்ரோல் கார் நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

டீசல் காருக்கு முறை வேறு. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்க வைத்து, வரும் கரும்புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளக்கிறார்கள். நுரையீரலைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை இந்தச் சோதனை அளப்பதே இல்லை. இது பெரிய குறை.

வீட்டிலிருந்து கிளம்பியதும் நேராகச் சோதனைக்குப் போகாதீர்கள். நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் முறையாக வேலை செய்யும்; நல்ல காரும் குளிர்ந்த நிலையில் தோற்கலாம். இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டுப் போங்கள். காரைக் கொண்டுவராமலே சான்றிதழ் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். அந்தச் சீட்டில் உங்கள் காரின் புகையை உண்மையில் அளந்த ஓர் எண்கூட இருக்காது.

பழைய சீட்டுகளைச் சேர்த்துவையுங்கள். கார்பன் மோனாக்சைடு ஆண்டுக்கு ஆண்டு ஏறினால் ஏர் ஃபில்டரையும், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் கண்காணிக்கும் ஆக்சிஜன் சென்சாரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால், மெக்கானிக் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றட்டும்.