பேனலுக்குப் பின்னால் சிமிட்டிய பச்சை விளக்கு

ரிலே (மின்பாதையில் கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) சோதனைக்காக ஒரு துணை மின் நிலையத்தில் பேனலின் பின்கதவைத் திறந்தேன். ஒயர் கட்டுகளுக்கு நடுவே சின்ன மோடம் ஒன்று பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் அது இல்லை. ஷிஃப்டில் இருந்தவரிடம் கேட்டேன். "நான் வந்த நாள்லேர்ந்து இருக்கு சார்" என்றார். நிலையத்தை அமைத்துக் கொடுத்த ஒப்பந்ததாரரின் ஆட்கள், கோளாறு வந்தால் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சிம் கார்டு உயிரோடு இருந்தது. பாஸ்வேர்டு, தயாரிப்பாளரின் கையேட்டில் அச்சிட்டிருந்த அதே பாஸ்வேர்டுதான்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்த வேலை இல்லை. அதுதான் எனக்குக் கவலை. நான் பார்த்தவரை, சைபர் தாக்குதல்காரர்கள் சப்ஸ்டேஷனுக்குள் நுழையத் திறந்து கிடக்கும் வழிகளில் பெரும்பாலானவை நம் வசதிக்காக நாமே திறந்துவைத்தவை.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களுக்கு நடந்ததை இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டரின் கண்ணெதிரே மவுஸ் அம்பு தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது. பிரேக்கர் என்பது பெரிய சுவிட்ச்; திறந்தால் மின்சாரம் துண்டாகும், மூடினால் திரும்ப வரும். அவர் மவுஸைப் பிடித்து இழுத்தும் பயனில்லை. சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் போனது. தொடக்கம் என்னவோ மின்னஞ்சலில் வந்த ஓர் ஆபீஸ் கோப்புதான். அலுவலகக் கணினிக்குள் புகுந்தவர்கள் மாதக்கணக்கில் பொறுமையாக உள்ளேயே இருந்து, ஊழியர்கள் வெளியிலிருந்து நெட்வொர்க்குக்குள் நுழையப் பயன்படுத்தும் வி.பி.என். பாஸ்வேர்டுகளைத் திருடியிருந்தார்கள். அந்த வி.பி.என்.னுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. மின்சாரத்தை நிறுத்தியதோடு விடாமல், சப்ஸ்டேஷன்களில் தகவல் தொடர்புக்கு இருந்த கன்வெர்ட்டர்களின் ஃபர்ம்வேரையும் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) அழித்தார்கள். தொலைவிலிருந்து பிரேக்கரைத் திரும்ப மூட வழியே இல்லாமல் போனது.

ஆனாலும் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. ஆட்கள் வண்டியெடுத்துக்கொண்டு ஒவ்வொரு நிலையமாகப் போய், கையால் பிரேக்கரை மூடினார்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் கீவ் நகரின் வடக்கே ஒரு பெரிய நிலையம் தாக்கப்பட்டது. இந்த முறை மவுஸ்கூடத் தேவைப்படவில்லை. தீநிரலே (தீங்கு செய்ய எழுதிய மென்பொருள்), கட்டுப்பாட்டு அறையும் நிலையமும் பேசிக்கொள்ளும் ஐ.இ.சி. 104 போன்ற நெறிமுறைகளில் பேசி பிரேக்கருக்கு உத்தரவிட்டது. இந்த நெறிமுறையை நாம் தினமும் பயன்படுத்துகிறோம். "திற" என்று கட்டளை வந்தால், அனுப்பியது யார் என்று அது கேட்பதில்லை. ஐ.இ.சி. 62351 போன்ற பாதுகாப்புத் தரங்கள் இந்த நெறிமுறைக்குப் பிறகுதான் வந்தன. ஆனால் களத்தில் ஓடும் பழைய கருவிகள் பலவற்றில் அவை இல்லை. ஆகவே சுவர் வெளியே இருக்க வேண்டும். அலுவலக நெட்வொர்க்கும், நிலையங்களைத் தொலைவிலிருந்து இயக்கும் ஸ்காடா நெட்வொர்க்கும் நேரடியாகத் தொடவே கூடாது. நடுவில் ஃபயர்வால் வேண்டும், அதில் எந்தக் கணினி எந்தக் கேட்வேயோடு (நிலையத்தின் தகவல் வாயில்) பேசலாம் என்பது பெயர் பெயராக இருக்க வேண்டும்.

பேட்ச் (மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடுவதைப் பற்றி ஐ.டி. நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ரிலேக்குப் பேட்ச் போட ஷட்டவுன் வேண்டும், அப்புறம் மறுபடி சோதிக்க வேண்டும். நினைத்தவுடன் முடியாது. அதற்குப் பதிலாக உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ரிலேயில் இப்போது ஓடும் செட்டிங்கை இறக்கி, ஒப்புதல் பெற்ற கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். செட்டிங் மாறிப்போனதால், டிரிப் ஆக (பிரேக்கரைத் திறக்க) வேண்டிய நேரத்தில் ஆகாமல் போன ரிலே, திறந்த பிரேக்கரைவிட ஆபத்தானது. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் கையால் மூடித் திருப்ப முடியாது.

செட்டிங் மாற்றும் லேப்டாப்பையும் கவனியுங்கள். அதில் மின்னஞ்சல் பார்க்கக் கூடாது, சொந்தப் பென்டிரைவைச் செருகக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஸ்காடா தொடர்பைத் துண்டித்து, சுவிட்சை 'லோக்கல்' நிலைக்குத் திருப்பி, ஷிஃப்டில் இருப்பவர்களே ஃபீடர்களை (நிலையத்திலிருந்து வெளியே போகும் மின்பாதைகளை) இயக்கிப் பழகட்டும். கீ எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த மோடத்தை அன்றே கழற்றினோம். "இனிமே கோளாறு வந்தா அவங்க எப்படி சார் பாப்பாங்க?" என்று ஷிஃப்டுக்காரர் கேட்டார். போன் செய்யட்டும், நீங்கள் பதிவேட்டில் எழுதிவிட்டு இணைப்பைக் கொடுங்கள், வேலை முடிந்ததும் நீங்களே துண்டித்து நேரத்தை எழுதுங்கள் என்றேன். கேபிளுக்கு அவர் அப்போதே சிவப்பு டேக் கட்டினார்.