பார்சர் தரும் மரத்தை அப்படியே நம்பலாமா?

ஆங்கில வாக்கியத்தைத் தொடரமைப்பு மரமாக, அதாவது எந்தச் சொற்கள் சேர்ந்து ஒரு தொடராகின்றன என்று காட்டும் கிளைப்படமாகப் பிரித்துத் தரும் நிரலுக்குப் பார்சர் என்று பெயர். பார்சர் அடங்கிய லைப்ரரிகள் இன்று யார் கைக்கும் எட்டுகின்றன. ஸ்டான்ஃபோர்டின் கோர்என்எல்பி, ஸ்டான்சா, பெர்க்லியின் பெனிபார் என்று பல உண்டு. பைத்தானில் நாலு வரி எழுதினால் மரம் திரையில் வந்து நிற்கும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பிழையான வாக்கியத்துக்கும் மரம் வரும், வாக்கியமே அல்லாத ஒரு முகவரிக்கும் மரம் வரும். "எனக்குப் புரியவில்லை" என்று பார்சர் சொல்வதில்லை.

அதனால் முதலில் ஒரு வேண்டுகோள். மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைக்கு மதிப்பெண் போடும் கருவியாகப் பார்சரைப் பயன்படுத்தாதீர்கள். ‘ஹி கோ டு ஸ்கூல் எஸ்டர்டே’ என்று எழுதினாலும் அது பெயர்த்தொடர், வினைத்தொடர் என ஒழுங்காகப் பிரித்து வைத்துவிடும். இன்னொரு பிள்ளை பிழையில்லாமல் எழுதிய நீண்ட வாக்கியத்துக்குக் கோணலான மரம் வரலாம். இரண்டிலும் அநியாயம் நடப்பது பிள்ளைகளுக்குத்தான்.

ஏன் இப்படி? பார்சருக்குள் இலக்கண நூல் எதுவும் இல்லை. மனிதர்கள் கையால் பிரித்துவைத்த மரங்களைப் பார்த்து, எந்த அமைப்பு அதிகம் வருகிறது என்று கற்றதுதான் அதன் அறிவு. அந்த மரங்களில் பெரும்பங்கு பென் ட்ரீபேங்க் என்ற தொகுப்பிலிருந்து வருகிறது. 1989-ஆம் ஆண்டின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்திகள், சுமார் 10 லட்சம் சொற்கள். 2 முதல் 21 வரையுள்ள பகுதிகளில் பயிற்சி, 23-ஆம் பகுதியில் தேர்வு என்பது இந்தத் துறையின் நெடுநாள் வழக்கம். 2003-இல் க்ளைன், மேனிங் இருவரும் வெளியிட்ட பார்சர் 100-க்கு 86.36 புள்ளி பெற்றது. 2018-இல் கிட்டாயேவ், க்ளைன் இருவரின் பார்சர் 95.13-ஐத் தொட்டது.

95 என்றதும் வாக்கியங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரி என்று எண்ணிவிடக் கூடாது. கணக்கிடுவது மரத்தில் உள்ள அடைப்புகளை, அதாவது ஒவ்வொரு தொடரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற எல்லைகளை. ஒரு வாக்கியத்தில் 20 அடைப்புகள் இருந்தால் சராசரியாக வாக்கியத்துக்கு ஒரு அடைப்பு தவறு. அதுவும் அதே பத்திரிகையின் நடையில். வாடகை ஒப்பந்தம், சமையல் குறிப்பு, வாட்ஸ்அப் உரையாடல் என்று போனால் அந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது.

தவறு எங்கே அதிகம் விழும்? ‘வித்’, ‘ஆஃப்’ போன்ற சொல்லில் தொடங்கும் முன்னிடைத் தொடர் எதோடு ஒட்டுகிறது என்ற இடத்தில். ‘ஷீ ஏட் ரைஸ் வித் எ ஸ்பூன்’, ‘ஷீ ஏட் ரைஸ் வித் கறி’ இரண்டிலும் அதே ‘வித்’தான். தமிழில் நமக்கு இந்தக் குழப்பமே இல்லை. கரண்டியால் சாப்பிட்டாள், குழம்போடு சாப்பிட்டாள் என்று உருபே பிரித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்தின் தொடர் வினையோடு சேர வேண்டும், இரண்டாவதைச் சோற்றோடு சேர்க்கலாம். செயப்படுபொருளுக்குப் பின் இத்தகைய தொடர் ஒன்று வந்தால் 2 மரங்கள் சாத்தியம். இரண்டு வந்தால் 5, மூன்று வந்தால் 14, நான்கு வந்தால் 42. சட்ட ஆவணங்களில் நான்கு என்பது சாதாரணம். அத்தனையில் ஒன்றைத்தான் பார்சர் உங்களுக்குத் தருகிறது.

மரத்தைக் குறை சொல்லும் முன் உள்ளே அனுப்பிய உரையைப் பார்க்க வேண்டும். பிடிஎஃப்-இலிருந்து எடுத்த உரையில் வரி முடிவில் உடைந்த சொற்கள் இருக்கும், பக்க எண் வாக்கியத்தின் நடுவே புகுந்திருக்கும். முற்றுப்புள்ளி இல்லாத பட்டியல் வரிகள் பத்தும் சேர்ந்து ஒரே வாக்கியமாகிவிடும். முழுவதும் பெரிய எழுத்தில் உள்ள தலைப்பில் சொற்கள் சிறப்புப் பெயர்களாகக் குறிக்கப்படும். ஆகவே வரிகளை ஒட்டி, தலைப்புகளைத் தனியே எடுத்து, வாக்கியப் பிரிப்பை மட்டும் முதலில் ஓட்டி, அந்த வெளியீட்டைக் கண்ணால் படியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பாதி பிழைகள் இங்கேயே அகப்படும்.

நீளமும் முக்கியம். பயிற்சி மரங்களில் கண்ட அமைப்புகளையே நிகழ்தகவோடு விதிகளாக வைத்திருக்கும் பழைய நிகழ்தகவு இலக்கணப் பார்சரில் வேலை, சொற்களின் எண்ணிக்கையின் முப்படியாக ஏறும். 20 சொல் 40 ஆனால் 8 மடங்கு, 80 ஆனால் 64 மடங்கு. நினைவகம் தீர்ந்து நிரல் விழுவது பெரும்பாலும் ஒட்டிப்போன ஒரு பட்டியலால்தான். கோர்என்எல்பி-யில் அதிகபட்ச நீளத்துக்கு வரம்பு வைக்கலாம். ஆனால் வரம்பைத் தாண்டிய வாக்கியத்துக்கு எல்லாச் சொல்லும் ‘எக்ஸ்’ என்ற குறியின் கீழ் தொங்கும் தட்டையான மரம் வரும், பிழைச் செய்தி வராது. அதைத் தேடிப் பிடிப்பது உங்கள் நிரலின் பொறுப்பு. வேகம் வேண்டுமானால், வாக்கியத்தை இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் பிரிக்கும் ஷிஃப்ட்-ரெட்யூஸ் மாடலுக்கு மாறலாம்.

கோர்என்எல்பி-யைச் சர்வராக ஓட்டும்போது 4 ஜிபி நினைவகம், 9000-ஆம் போர்ட், 15000 மில்லிநொடி நேரவரம்பு என்று தொடங்குவது வழக்கம். முதல் கோரிக்கை வரும்போதுதான் மாடல்கள் ஏறும் என்பதால், அந்த முதல் கோரிக்கை மட்டும் நேரம் தாண்டித் தோற்கலாம். ஒரு சிறு வாக்கியத்தை அனுப்பிச் சூடேற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மரத்தின் இலைகள் மூல உரையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாது. ‘டோன்ட்’ என்பது ‘டு’, ‘என்ட்’ என்று இரண்டு டோக்கன்கள் (பார்சர் ஒரு சொல்லாகக் கொள்ளும் துண்டுகள்) ஆகும். அடைப்புக்குறி ‘எல்ஆர்பி’, ‘ஆர்ஆர்பி’ என்று மாறி நிற்கலாம். இலைகளை இடைவெளி விட்டு ஒட்டி, அதை மூலத்தில் தேடினால் கிடைக்காது. டோக்கனோடு வரும் தொடக்க, முடிவு இட எண்களையே பயன்படுத்துங்கள்.

மரத்தைப் படிப்பதிலும் அடிக்கடி சறுக்கும் இடங்கள் உண்டு. ‘த ப்ரைஸ் ஆஃப் த ஹவுஸ்’ என்பதில் பெயர்த்தொடரைக் குறிக்கும் ‘என்பி’ மூன்று முறை வரும்: விலை, வீடு, இரண்டையும் தழுவிய முழுத்தொடர். எல்லாக் கிளைகளையும் எண்ணினால் ஒரே பொருள் பல முறை கணக்கில் ஏறும். வெளி என்பி வேண்டுமா, உள் என்பி வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். எழுவாயைக் காட்டும் கூடுதல் குறி பயிற்சியின்போது பொதுவாக நீக்கப்படுவதால், வினைத்தொடருக்கு முன் நிற்கும் என்பி-யை எடுத்துக்கொள்கிறோம். செயப்பாட்டு வினையில் இது ஆளையே மாற்றிவிடும். ‘த டெனன்ட் ஷேல் பி பெய்ட் பை த லேண்ட்லார்ட்’ என்ற வரியில் பணம் தருபவர் குடியிருப்பவர் என்று உங்கள் அட்டவணையில் ஏறும். ஒப்பந்தத்தில் இதைவிட மோசமான பிழை என்ன இருக்கிறது?

யார் யாருக்கு என்ன செய்தார் என்பதுதான் தேவை என்றால் தொடர் மரத்தைவிட, ஒவ்வொரு சொல்லும் எந்தச் சொல்லை எந்த உறவில் சார்ந்தது என்று காட்டும் சார்பு மரம் நல்லது. ஆனால் குறிகளைக் கலக்காதீர்கள். செயப்படுபொருளுக்கு ஸ்பேசி என்ற இன்னொரு லைப்ரரியின் ஆங்கில மாடல் ‘டி-ஆப்ஜ்’ என்று எழுதும், ஸ்டான்சா ‘ஆப்ஜ்’ என்று எழுதும். ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றதில் ஓட்டினால் பிழை எதுவும் காட்டாமல் வெறும் பட்டியல் திரும்பும்.

பதிப்பு எண்ணைக் குறித்துவைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கோர்என்எல்பி 4.0 முதல் இணைகோடு உள்ள சொற்கள் பெரும்பாலும் தனித்தனி டோக்கன்களாக உடைகின்றன. பழைய முடிவுகளோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை மாறியிருக்கும்.

வேலையில் இறக்கும் முன் உங்கள் சொந்த உரையிலிருந்து 50 வாக்கியங்களைக் குலுக்கல் முறையில் எடுங்கள். முழு மரத்தையும் திருத்த வேண்டாம். உங்களுக்குத் தேவையான ஒரே கேள்விக்கு, உதாரணமாகப் பணம் தருபவர் யார் என்பதற்கு, கையால் விடை எழுதி, பார்சர் வழியே கிடைத்த விடையோடு ஒப்பிடுங்கள். ‘எக்ஸ்’, ‘ஃப்ராக்’ (துண்டு வாக்கியம்) குறிகள் தலைமேல் நிற்கும் மரங்களையும், 40 சொல்லைத் தாண்டியவற்றையும் தனிக் கோப்பில் ஒதுக்கி மனிதர் பார்வைக்கு அனுப்புங்கள்.