காலி டேங்கும் நனைந்த மண்ணும்

மார்ச் பிறந்துவிட்டால் குன்னூரில் கட்டட இன்ஜினியரான எனக்கு வருகிற போன்களில் பாதி தண்ணீர் டேங்க் விஷயமாகத்தான் இருக்கும். குழாயில் தண்ணீர் வருகிற அன்றைக்குப் பிடித்து வைத்தால்தான் உண்டு. போன கோடையில் ஒரு அம்மா கூப்பிட்டார். பழைய வீடு, மெல்லிய காங்கிரீட் தளம், அதன் நட்டநடுவில் புதிதாக 1000 லிட்டர் டேங்க். கீழே சீலிங்கில் மயிரிழை போல ஒரு விரிசல். "முதல்ல டேங்கைக் காலி பண்ணுங்கம்மா" என்றேன். அவர் நம்பவில்லை. "இது என்ன தம்பி பெரிய வெயிட்டு? என் பேரன் ஒருத்தனே தலைல வச்சுத் தூக்கிட்டு வந்தான்."

பேரன் தூக்கி வந்தது வெறும் பிளாஸ்டிக்கை. அது 25 கிலோ சொச்சம் இருக்கும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. டேங்க் நிரம்பினால் ஒரு டன். அந்த ஒரு டன்னும் ஒரு சதுர மீட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு நாங்கள் கணக்கில் எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான்.

நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கினோம். சைட்டில் எனக்கு அது தலைகீழாகத்தான் உதவுகிறது: அடர்த்தியைப் பருமனால் பெருக்கினால் நிறை. கண்ணுக்குத் தெரிவது பருமன் மட்டுமே. சின்னதாகத் தெரிகிறது, தாங்கிவிடும் என்று மேஸ்திரியே சொன்னாலும் கேட்காதீர்கள். மாடித் தோட்டத்துக்கும் இதே கணக்குதான். தளம் முழுக்க அரை அடி மண் பரப்பித் தண்ணீர் ஊற்றினால் சதுர மீட்டருக்கு 250 கிலோவைத் தாண்டும்.

அந்த வீட்டில் இரண்டு 500 லிட்டர் டேங்காகப் பிரித்து, கீழே சுவர் வருகிற இரண்டு மூலைகளில் வைத்தோம்.

சரி, டேங்கையாவது நாம் நிரப்புகிறோம். மண்ணை நிரப்புவது மழை. சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் ஒரு வேலை செய்து காட்டுவேன். ஒரு லிட்டர் டப்பாவில் காய்ந்த செம்மண்ணைத் தளரப் போட்டு சமையலறைத் தராசில் வைத்தால் 1.3 கிலோ பக்கம் காட்டும். பிறகு மெதுவாகத் தண்ணீர் விடுவேன். மண் கொஞ்சம் அமுங்கும், ஆனால் 400 மில்லி வரை வழியாமல் குடித்துவிடும். இப்போது 1.7 கிலோ. டப்பா அதே டப்பாதான். மண் துகளுக்கு நடுவே இருந்த காற்று வெளியேறி அந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துவிட்டது. பருமன் கூடாமலே அடர்த்தி ஏறிவிட்டது.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சரிவும் அப்படி ஒரு டப்பாதான். கனம் ஏறுவதோடு, உள்ளே நிற்கும் தண்ணீரின் அழுத்தம் துகள்களுக்கு இடையே இருந்த பிடிப்பையும் குறைத்துவிடுகிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் சரிவுகள் இறங்கி 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கேத்திப் பக்கம் அதை நேரில் பார்த்தவர்கள் இன்றும் பலத்த மழை பிடித்தால் தூங்குவதில்லை.

இது தெரிந்தும், வீடு கட்ட வெட்டிய மண்ணை அப்படியே சரிவின் விளிம்பில் கொட்டி வைக்கிறார்கள். 'ரெண்டு யூனிட்தானே சார்' என்பார்கள். யூனிட் என்பது 100 கன அடி, அதாவது அளவு, எடை இல்லை. காய்ந்த மண் ஒரு யூனிட் 4 டன் என்றால், ஊறியபின் அதே குவியல் 5 டன்னைத் தாண்டும். லாரிக்காரருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், மழை நாளில் ஈர மண் ஏற்றச் சொன்னால் முகம் சுளிப்பார்.

அப்புறம் தடுப்புச்சுவர். நம் தாத்தாக்கள் சிமென்ட் இல்லாமல் அடுக்கிய கல்சுவர் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் இடுக்கு வழியே தண்ணீரை வடித்துவிடும். இப்போது அதன்மேல் பூசி, வெள்ளையடித்து, தண்ணீர் வடிய வைத்த ஓட்டையையும் பாசி பிடிக்கிறதென்று அடைத்துவிடுகிறார்கள். அடைக்காத இடத்தில் வேரும் சேறும் அடைத்திருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். நல்ல மழையில் அந்த ஓட்டைகள் ஒழுகினால் சுவர் பிழைத்தது. மூன்று நாள் மழைக்குப் பிறகும் காய்ந்தே கிடந்தால், சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டு எங்களில் யாரையாவது கூப்பிடுங்கள்.